இரத்தத்தின் மீது போடும் பழி

"அது அவங்கட பரம்பரை" என்ற வாக்கியத்தை எங்கள் ஊர்களில் இரண்டு குரல்களில் கேட்கலாம். மையத்து வீட்டில் அது ஆறுதல். கல்யாணப் பேச்சில் அது குற்றச்சாட்டு. சீனி வருத்தத்தோடு பத்துப் பதினைந்து வருடம் கிளினிக் கொப்பியும் கையுமாகத் திரிந்த ஒருவர், ஒருநாள் சுபஹுக்குப் பின் மாரடைப்பில் மௌத்தாகிவிட்டால், பிள்ளைகளின் மனப்பாரத்தை அந்த வாக்கியம் குறைக்கிறது. அதே பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசப்போகும் இடத்தில் அதுவே கதவைச் சாத்துகிறது. வாப்பாவை விடுதலை செய்த காரணம் மகளைத் தண்டிப்பது எந்த நியாயம்?

இரத்தம் உண்மையில் என்னதான் சொல்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். ஒன்பதாம் நிறமூர்த்தத்தின் ஒரு பகுதிக்கும் இதயநோய்க்கும் தொடர்பிருப்பதை 2007இல் கண்டார்கள். 2013இல் ஹாவர்ட் ஆய்வாளர்கள் வெளியிட்டது அதைவிட யோசிக்க வைப்பது. முதலாம் நிறமூர்த்தத்தில் ஒரு சிறு மாறுபாடு. நீரிழிவு உள்ளவர்களிடம் அது இதயநோய் வாய்ப்பை ஏறத்தாழ 36 சதவீதம் கூட்டுகிறது. நீரிழிவு இல்லாதவர்களிடமோ அப்படியொரு தொடர்பே தென்படவில்லை. அதாவது அந்தப் பரம்பரையலகு ஓர் உடம்பில் பேசாமல் கிடக்கிறது, சீனி ஏறிய உடம்பில் மட்டும் வாய் திறக்கிறது. (ஆய்வுக்குட்பட்டவர்கள் அமெரிக்கரும் இத்தாலியரும். நாங்கள் அதில் இல்லை.) 2016இல் வந்த இன்னொரு பெரிய ஆய்வு, பரம்பரை அபாயம் மிகக் கூடியவர்களிலும் புகைக்காமல், உடம்பு பெருக்காமல், நடந்து, அளவாகச் சாப்பிட்டு வாழ்ந்தவர்களுக்கு இதயநோய் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது என்றது.

ஆக, "பரம்பரை" என்று சொல்லிக் கைகழுவ இடமில்லை. ஆனால் "எல்லாம் வாயைக் கட்டாததால் வந்த வினை" என்று நோயாளியின் தலையில் கட்டிவிடுவதும் எனக்குச் சம்மதமில்லை. வாயைக் கட்டுவதற்கு முதலில் தெரிவு என்று ஒன்று இருக்க வேண்டும்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களில் மன்னார்த்தீவு முஸ்லிம்களும் இருந்தார்கள். எருக்கலம்பிட்டிக் கரையிலிருந்து கற்பிட்டிக்குப் படகேறியவர்கள் தோட்டத்தையும் வலையையும் விட்டுவிட்டுத்தான் போனார்கள். அதன்பின் வருடக்கணக்கில் ஓலைக்கொட்டில், நிவாரண அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி. கடலில் உழைத்த உடம்பு முகாம் வாசலில் குந்தியிருக்கப் பழகியது. மனக்கவலையும் இதயத்தைத் தாக்கும் காரணிகளில் ஒன்று என்பதை 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளிவந்த ஆய்வு நிறுவியிருக்கிறது. அன்று முப்பது வயதாயிருந்தவர் இன்று அறுபத்தைந்தைத் தாண்டிய நீரிழிவு நோயாளி. "குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா?" என்று கிளினிக்கில் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். தொண்ணூறில் எங்கே இருந்தீர்கள் என்ற கேள்விக்கு மட்டும் அந்தக் கொப்பியில் கோடு இல்லை.

கணக்கெடுப்பிலும் இதே கதை. இலங்கையின் நீரிழிவு நிலையை 2005-2006இல் அளந்த தேசிய ஆய்வு, இருபது வயதைக் கடந்தோரில் 10.3 சதவீதம் என்றது. ஏழு மாகாணங்களில் நடந்த ஆய்வு அது. வடக்கும் கிழக்கும் சேர்க்கப்படவில்லை. புத்தளத்தில் அகதியாயிருந்த எங்களில் யாராவது அதில் அகப்பட்டிருந்தாலும் வடமேல் மாகாணத்தவராகத்தான் எண்ணப்பட்டிருப்பார்.

கத்ர் என்று முடித்துவிடுகிறவர்களோடும் ஒரு வார்த்தை பேசவேண்டும். சிரியா நோக்கிப் போன உமர் (ரலி) அவர்கள், கொள்ளைநோய்ச் செய்தி கேட்டுப் பாதிவழியில் திரும்பத் தீர்மானித்தார்கள். விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரலி) கேட்டபோது, ஒரு பக்கம் பசுமையும் மறுபக்கம் வரட்சியுமான பள்ளத்தாக்கில் ஒட்டகத்தை எந்தப் பக்கம் மேய்த்தாலும் அதுவும் விதிக்குள்தானே என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். பரம்பரை நமக்குத் தந்த பள்ளத்தாக்கை மாற்ற முடியாது. மேய்க்கும் பக்கத்தைப் பற்றித்தான் பேச்சு.

கல்யாணப் பேச்சுக்கு வருவோம். தலசீமியா போன்ற நோய்களுக்குச் சம்பந்தத்துக்கு முன் இரத்தம் பார்ப்பது அறிவு. தாயிடமும் தந்தையிடமும் ஒரே குறையுள்ள அலகு இருந்தால் பிள்ளை பாதிக்கப்படலாம். நீரிழிவும் மாரடைப்பும் அப்படியல்ல. பல நூறு அலகுகள் ஒவ்வொன்றும் இம்மியளவு பங்கு வைத்து, வாழ்க்கையும் சேர்ந்து உண்டாக்குவது. வாப்பாவின் கிளினிக் கொப்பியைக் காட்டி ஒரு பெண்ணை வேண்டாம் என்பவர்கள், தங்கள் வீட்டுக் கொப்பிகளையும் மேசையில் வைப்பார்களா?

எனக்கு உண்மையில் கடினமாகப் படுவது வேறொன்று. "இந்த வயசில இனி என்னத்துக்கு நாக்கைக் கட்டுற?" என்று கேட்கும் முதியவர். உம்மா மாரடைப்பில் போனவ, காக்காவும் அப்படித்தான், தன் முறையும் வருகிறது என்பது அவர் கணக்கு. அவருடைய உடம்பு, அவருடைய தேத்தண்ணி. உடம்பு அமானிதம் என்று அவருக்கு நான் பயான் செய்யப் போவதில்லை. என்னைவிட அவருக்குத் தெரியும். ஆனால் அந்தச் சுதந்திரத்தின் செலவை யார் கட்டுகிறார்கள்? குரக்கன் மாவில் ஒரு பிட்டும் கோதுமை மாவில் ஒரு ரொட்டியுமாக இரண்டு சமையல் சமைப்பவள் மகள். காலில் புண் வந்தால் கழுவுபவள், இரவில் நெஞ்சு நோகுது என்றால் ஓட்டோ தேடி ஓடுபவள் அவள்தான். வாப்பாவின் மாத்திரை நேரமெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அவளுக்கும் நாற்பது கடந்துவிட்டது; அவளது சீனியை இன்னும் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.