அரிதென்னும் பெருமையும் அனைவர்க்குமான பாதையும்

ஒரு பொருள் நமக்குத் தரும் இன்பம் அப்பொருளின் தன்மையிலிருந்து பிறக்கின்றதா, அன்றி அது பிறரிடம் இல்லை என்ற எண்ணத்திலிருந்து பிறக்கின்றதா? அறவியலார் நெடுங்காலமாக எழுப்பிவரும் இவ்வினா, இன்று மட்டக்களப்பு வாவிக்கரையில் எவரும் எதிர்பாராத ஓரிடத்தில் உயிர்பெற்று நிற்கின்றது. கல்லடியிலும் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் செங்கலடியிலும் கராஜ்களின் முன்னும் தேநீர்க் கடைகளிலும் கூடும் இளைஞரிடையே வேகக் கார்களைப் பற்றி நடைபெறும் வாதங்களையே நாம் கருதுகின்றோம். நிசான் ஸ்கைலைன் சிறந்ததா, டொயோட்டா சுப்ரா சிறந்ததா. டர்போவின் அழுத்தத்தை எவ்வளவு கூட்டலாம். ஜப்பானிலிருந்து எதனை இறக்குமதி செய்ய விதி இடந்தருகின்றது என்று அவர்கள் காட்டும் நுண்ணறிவு வியப்புக்குரியது. வாதிடுவோருட் பலர் வந்திறங்குவதோ நூறு சீ.சீ. மோட்டார் சைக்கிள்களில்.

இதனைக் கண்டதும் எள்ளி நகையாடுவது நம் போன்றோருக்கு எளிது. உழைக்கும் மக்களின் பிள்ளைகள் தாம் என்றுமே வாங்கவியலாத பொருள்களைக் குறித்துக் கனவு காண்கின்றனர். இது முதலாளித்துவ விளம்பரத்தின் மயக்கம் என்று இரண்டு சொற்களில் தீர்ப்புக் கூறிவிடலாம். ஆயின் அத்தீர்ப்பு முழுமையானதன்று. வகுப்பறையில் பௌதிகம் என்றதும் முகஞ்சுளிக்கும் மாணவன், எரிபொருளும் காற்றும் எந்த விகிதத்தில் கலக்க வேண்டும் என்பதையும், பற்றவைப்பு நேரம் ஓர் இமைப்பொழுது பிந்தினால் இயந்திரம் என்னாகும் என்பதையும் தெளிவாகச் சொல்வானாயின், அங்கே இருப்பது மயக்கம் மட்டுமன்று. அறிவின் மீதான வேட்கையும் ஆகும். இவ்விரண்டையும் பிரித்தறிவதே நம் கடமை.

முதலில் 'மட்டுப்படுத்தப்பட்ட பதிப்பு' என்னும் வணிக உத்தியை நோக்குவோம். நிசான் நிறுவனம் 2002 இல் தனது ஸ்கைலைன் ஜி.டி.ஆர். வகையின் உற்பத்தியை முடிக்கும் தறுவாயில், ஜெர்மனியின் நியூர்பர்க்ரிங் பந்தயப் பாதையின் பெயரால் 'நியூர்' என்னும் சிறப்புப் பதிப்பைச் சுமார் 1,000 என்னும் அளவில் வெளியிட்டது. அந்தக் கார் பொறியியலிற் சிறந்ததே, 2.6 லீற்றர் கொள்ளளவும் ஆறு சிலிண்டரும் இரட்டை டர்போவும் கொண்ட அதன் இயந்திரத்தை எவரும் குறைகூறார். ஆயினும் அதன் இன்றைய விலை அப்பொறியியலைக் கொண்டு விளக்கத்தக்கதன்று. அமெரிக்காவில் இருபத்தைந்து ஆண்டுகள் கடந்த கார்களுக்கு இறக்குமதித் தடையிலிருந்து விலக்குண்டு. ஒரு கார் அவ்வயதை நெருங்க நெருங்க அதன் விலை உயர்கின்றது. இரும்பும் இறப்பரும் மாறவில்லை. அவற்றைச் செய்த தொழிலாளியின் உழைப்பும் மாறவில்லை. கடலுக்கப்பால் வாங்குவோர் தொகை கூடியது, அவ்வளவே. இங்கே பயன்பாட்டின் மதிப்பு ஒருபுறம் நிற்க, 'பிறர்க்கில்லை' என்பதே விலைப்பொருளாகின்றது. செல்வர் பொருளை நுகர்வதைவிட நுகர்வதைக் காட்டுவதிலேயே பெருமை காண்கின்றனர் என்று தோர்ஸ்டீன் வெப்லன் 1899 இலேயே எடுத்துக்காட்டினார். 'மட்டுப்படுத்தப்பட்ட பதிப்பு' என்பது அப்பெருமையை எண்ணிட்டு விற்கும் முறை.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். ஊரில் வறுமை உள்ளவரை இன்பப் பொருள் எதுவுமே தகாது என்பது உங்கள் கொள்கையாயின், கவிதையும் இசையும் கூத்தும் தகாதனவாகுமே என்று ஒருவர் கேட்கலாம். வலிமையுள்ள மறுப்பு இது. நாம் துறவு நெறியைப் போதிக்கவில்லை. பட்டினி கிடப்போன் ஒருவன் உள்ளவரை எவரும் பாடலாகாது என்று சொல்பவன் அப்பட்டினி கிடப்போனுடைய பாட்டையும் சேர்த்தே பறிக்கின்றான். ஆயினும் வேறுபாடொன்றுண்டு. மட்டக்களப்பின் வடமோடிக் கூத்தொன்றை ஆயிரம் பேர் பார்ப்பதால் அதன் சுவை ஆயிரத்தொரு பங்காகக் குறைவதில்லை. பகிரப் பகிர அது வளர்கின்றது. எண்ணிட்ட காரோ, பிறர் கைக்கும் கிட்டிய மறுநாளே தன் பெருமையை இழக்கின்றது. ஆகவே நம் வினா இன்பம் தகுமா என்பதன்று; பிறரது இல்லாமையையே உணவாகக் கொள்ளும் இன்பம் தகுமா என்பதே.

அருமை என்பது எப்போதும் வணிகனால் ஆக்கப்படுவதன்று. இல்லாமையினால் தானே வந்துசேரும் அருமையையும் இலங்கையர் நன்கறிவர். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977 இன் பின்னரே கதவு அகலத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் மொறிஸ் மைனரும் ஒஸ்டினும் பழுதடைந்தபோது வாங்குவதற்குப் புதிய பாகங்கள் அரிதாயின. திருத்துவோர் கடைந்தும் ஒட்டியும் வார்த்தும் அவற்றை ஓடவைத்தனர். 1990களில் மொறிஸ் மைனருக்கான பாகங்கள் இலங்கையிலேயே செய்யப்பட்டுப் பிரித்தானியாவுக்கு அனுப்பப்பட்டமை அக்கைத்திறத்தின் தொடர்ச்சி எனலாம். இந்த அருமை மனிதரைப் பிரிக்கவில்லை. அறிவை ஒரு பட்டறையிலிருந்து மறு பட்டறைக்குக் கடத்தியது. போர்க்காலத்தில் பொருள்வரவு தடைப்பட்ட கிழக்கிலும் வடக்கிலும் இத்தகைய கைத்திறமே வண்டிகளை ஓட்டியது.

இயந்திரத்தை மேம்படுத்தும் இளைஞன் இந்த மரபின் வழித்தோன்றலே. ஜப்பானிய உற்பத்தியாளர் தம்முள் செய்துகொண்ட உடன்பாட்டின்படி 2004 வரை தம் கார்கள் 280 குதிரைவலுவைத் தாண்டுவதாக அறிவிப்பதில்லை. இயந்திரத்துக்குள் உறங்கிய மிகுதி வலுவை வெளிக்கொணர்வதே அக்காலத்து மேம்படுத்துவோர் கலையாயிற்று. இன்று எரிபொருளையும் பற்றவைப்பையும் ஆளும் கணினியின் கணக்குகளை மாற்றி எழுதுகின்றனர். பொருளொன்றை விலைகொடுத்து வாங்கியவன் அதன் உடைமையாளன் மட்டுமே. அதனைக் கழற்றிப் பூட்டி அறிந்தவனே அதனோடு உண்மையான உறவு கொண்டவன். இந்த இன்பத்தை நாம் மதிக்கின்றோம்.

ஆயின் இக்கலை தானே ஓர் அறத்தையும் கற்பிக்கின்றது. அதனைக் கற்போர் மறக்கலாகாது. வலுவை மட்டும் கூட்டி, தடுப்பையும் தயரையும் குளிரூட்டும் அமைப்பையும் முன்போலவே விடுபவன் நல்ல மெக்கானிக் அல்லன். ஓருறுப்பின் வளர்ச்சிக்கு ஏனைய உறுப்புகள் ஈடுகொடுக்க வேண்டும். இந்த விதி காரோடு முடிந்துவிடுவதில்லை. வீதியும் அவ்வியந்திரத்தின் ஓருறுப்பே. வீதியில் நடப்போரும் அவ்வாறே. 2024 ஏப்ரல் 21 ஆம் திகதி தியத்தலாவை பொக்ஸ் ஹில் ஓட்டப்பந்தயத்தில் பாதையை விட்டு விலகிய கார் பார்வையாளர் மீது பாய்ந்ததில் 7 பேர் உயிரிழந்தனர். அவருள் ஒரு சிறுமியும் அடக்கம். வேகத்தின் மகிழ்ச்சியை நுகர்வோர் ஒருவராகவும் அதன் விலையைச் செலுத்துவோர் வேறொருவராகவும் இருக்கும்போது, அது தனிமனித விருப்பம் என்ற எல்லையைக் கடந்துவிடுகின்றது. சைலன்சரை அகற்றி நள்ளிரவில் ஊரை எழுப்புவதும், புகையைத் தூய்மைசெய்யும் பாகத்தைக் கழற்றி எறிவதும் சிறிய அளவில் இதே அநீதிதான்.

'என் பணம், என் கார். கேட்பதற்கு நீங்கள் யார்?' என்பார்க்கு நாம் கூறக்கூடிய விடை ஒன்றுண்டு. பணம் உமதாகலாம்; கார் ஓடுவதற்கு வேண்டிய எதுவும் உம்முடையது மட்டுமன்று. வீதி பொதுமக்களுடையது. காரையும் எரிபொருளையும் கொணரும் அந்நியச் செலாவணி, தேயிலைத் தோட்டத்துப் பெண்ணும் ஆடைத் தொழிற்சாலைப் பெண்ணும் மத்திய கிழக்கில் வீட்டுவேலை செய்யும் நம்மூர்த் தாய்மாரும் ஈட்டியது. 2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்தியது. அவ்வாண்டு ஜூலையில் எரிபொருள் பங்கீடு தொடங்கியபோது காருக்கு வாரம் 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் என அளந்து வழங்கப்பட்டது. வரிசையில் நின்ற நாள்களில் எரிபொருள் ஒரு பொதுச்சொத்து என்பதை நாட்டிலே அறியாதார் இலர். வரிசை கலைந்ததும் அவ்வுண்மையும் கலைந்துவிடலாமா?

எனினும், தடையே நீதி என்று நாம் கருதுவதற்கில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இவ்வைந்தாண்டுகளில் நிகழ்ந்தது யாது? முன்னரே கார் வைத்திருந்தோரின் செல்வம் உழைப்பின்றி உயர்ந்தது. நெல்லும் மீனும் ஏற்றுதற்குப் பழைய வண்டி தேடிய சிறு உற்பத்தியாளன் எட்டாத விலையைக் கண்டான். அதற்கு முன்னைய ஆண்டுகளில் பாராளுமன்ற உறுப்பினர்க்கும் உயர் அலுவலர்க்கும் வழங்கப்பட்ட வரிச்சலுகை அனுமதிப்பத்திரங்கள் கைமாறி விற்கப்பட்ட கதையும் நாடறிந்ததே. நிறுவனம் கட்டும் வேலி ஒன்று. அரசு கட்டும் வேலி மற்றொன்று. வாயிற்காவலனோடு உறவுடையோர்க்கு இரண்டும் திறக்கும். வேலியைக் கட்டுவது மட்டும் சமத்துவமாகாது. அதற்குள் எல்லார்க்கும் பொதுவான வசதி வளர வேண்டும்.

வாவிப் பிரதேசத்தில் அப்பொது வசதி என்பதன் பொருளை மக்கள் தம் உடம்பால் அறிவர். 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவி எழுவான்கரையையும் படுவான்கரையையும் பிரிக்கின்றது. மருத்துவமனையும் சந்தையும் பெரும்பள்ளிகளும் பெரிதும் எழுவான்கரையில். வயலும் மேய்ச்சலும் படுவான்கரையில். மண்முனைத் துறையிலும், குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையிலும், குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் இடையிலும் மக்களைக் கடத்திய மிதவையை மட்டக்களப்பார் 'பாதை' என்றே அழைப்பர். அப்பாதைக்காகக் காத்து நின்ற ஆசிரியரும் கர்ப்பிணியும் வேகம் என்றால் யாதென நமக்குச் சொல்லத் தகுதியுடையோர். 2014 இல் ஜப்பானிய உதவியுடன் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபோது, எந்தப் பந்தயக் காரும் தரவியலாத நேரத்தை அது ஆயிரக்கணக்கானோர்க்கு ஒருங்கே அளித்தது. ஒருவனுடைய வேகம் ஓரெல்லையைக் கடந்தால் அது மற்றவர் நேரத்தைப் பறிக்கின்றது என்று இவான் இலிச் 1974 இல் 'ஆற்றலும் நீதியும்' என்ற நூலில் வாதிட்டார். பாலமோ ஒருவர் நேரத்தையும் பறிக்காமல் எல்லாருக்கும் நேரத்தை ஈந்தது. காரும் பாலமும் ஒரே நாட்டின் பொறியியல் அறிவிலிருந்து வந்தன. அறிவு யாருக்குப் பணிசெய்கின்றது என்பதிலேயே அவை வேறாயின.

ஆதலால் ஆசிரிய நண்பர்களுக்கு நாம் முன்வைப்பது இதுவே. கராஜின் முன் நிற்கும் மாணவனை ஏளனத்தோடு கடந்து செல்லாதீர். 2013 இல் உயர்தரத்தில் தொடங்கப்பட்ட தொழில்நுட்பப் பிரிவு ஏட்டுப் படிப்பாகச் சுருங்காதிருக்க வேண்டுமாயின், அவன் கையிலுள்ள எண்ணெய்க் கறைக்கு வகுப்பறையில் இடமளியுங்கள். அவனிடம் டர்போவைப் பற்றிக் கேளுங்கள். பின்னர், படுவான்கரைக் கிராமத்துப் பஸ் ஏன் அடிக்கடி பழுதடைந்து நிற்கின்றது, அதனை எவ்வாறு ஓடவைக்கலாம் என்றும் கேளுங்கள். முதல் வினாவுக்கு விடைகூறும் அறிவு அவனிடம் ஏற்கெனவே உண்டு. இரண்டாவதற்கும் அதே அறிவு போதும். அதனைக் கேட்பதற்குத்தான் இதுவரை ஒருவருமில்லை.