தெய்வத்தின் கணக்கில் எழுதுபவை

வாளையாற்றைத் தாண்டிப் பாலக்காட்டுச் சீமைக்குள் நுழைந்தவுடன் சாலையோரத்தில் லாட்டரிக் கடைகள் தென்படத் தொடங்குகின்றன. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு ஜனவரியில் தடைசெய்யப்பட்ட ஒரு வியாபாரம், எல்லைக்கு அப்பால் 1967ஆம் ஆண்டிலிருந்து அரசாங்கமே நடத்தும் வியாபாரமாக இருந்துவருவதால், கோயமுத்தூர், திருப்பூர்ப் பக்கத்துத் தொழிலாளிகள் பஸ் ஏறி வந்து சீட்டு வாங்கிப்போகிறார்கள். பலகையில் தொங்கும் சீட்டுகளுள் தம் குழந்தையின் பிறந்த தேதியில் முடியும் எண்ணைத் தேடி எடுத்து, சட்டைப்பையில் வைப்பதற்கு முன் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் மனிதரை அங்கே காணலாம். "நமக்குன்னு எழுதியிருந்தா கெடைக்கும்" என்று அவர் சொல்லும்போது அந்தச் சொல்லில் மெய்யான பக்தி இருக்கிறது. பிறருடைய வரவு செலவுகளைக் கேட்டு யோசனை சொல்வதைத் தொழிலாகக் கொண்ட என்னைப் போன்றவன் அந்தப் பக்தியை அலட்சியம் செய்துவிட்டு வட்டிக் கணக்கை மாத்திரம் பேசினால் அவர் செவிகொடுக்கமாட்டார். நாளைக்கென்று எடுத்துவைப்பது, மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்ற விசுவாசத்துக்கு விரோதம் ஆகாதா என்பதுதான் அவர் மனத்தின் அடியில் கிடக்கும் கேள்வி.

அதற்கு என் விடை, ஆகாது என்பதே. துறவிக்குச் சேமிப்பு வேண்டியதில்லை. ஆனால் பிதிர்கள், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார், தான் என்ற ஐவருக்கும் இல்லறத்தானைக் கடமைப்பட்டவனாக்கிய வள்ளுவர், வெறுங்கையோடு அந்தக் கடமைகளைச் செய்யச் சொல்லவில்லை. ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்த அவரே ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். யோகவாசிஷ்டமோ இன்னும் ஒரு படி மேலே சென்று, தெய்வம் என்று நாம் பெயரிட்டு அஞ்சுவது முன்பு செய்த முயற்சியின் பலனேயன்றி வேறில்லை என்று ராமனுக்கு உபதேசிக்கிறது. ஆகவே நம்முடைய சாஸ்திரங்களில் முயற்சிக்கு இடமில்லை என்று சொல்ல யாருக்கும் நியாயமில்லை. எது உண்மையில் விதி, எது மனிதர் வகுத்த ஏற்பாடு என்று பிரித்தறிவதில்தான் நாம் தவறுகிறோம்.

2023ஆம் ஆண்டின் ஓணம் பம்பரில் 25 கோடி ரூபாய் முதற்பரிசு வாளையாற்றில் விற்ற சீட்டுக்கே விழுந்தது. 500 ரூபாய் கொடுத்துத் திருப்பூர்ப் பக்கத்து நண்பர்கள் நால்வர் கூட்டாக வாங்கிய சீட்டு அது. அந்தக் குலுக்கலுக்கு விற்றவை 75 லட்சம் சீட்டுகளுக்கு மேல். எத்தனை சீட்டு அச்சிடுவது, எத்தனை பரிசு, ஏஜெண்டுக்கு எவ்வளவு, வருமான வரிக்கு எவ்வளவு என்று அனைத்தையும் மனிதர்களே முன்கூட்டி வகுத்துவைத்திருக்க, தோற்ற லட்சக்கணக்கானோர் அதைத் தம் பிராரப்தம் என்று தலையில் எழுதிக்கொள்கிறார்கள். ஒரே சீட்டு ஒரு ராஜ்யத்தில் குற்றமாகவும் அடுத்த ராஜ்யத்தில் கஜானாவின் வருமானமாகவும் இருக்கிறது. பிராரப்தம் ராஜ்ய எல்லையில் மாறக்கூடியதன்று. அந்த வருமானத்தில் ஒரு பங்கு காருண்யா நிதியின் வழியாக ஏழைகளின் வைத்தியத்துக்குச் சென்றதையும், சீட்டு விற்றே ஜீவனம் நடத்தும் வயோதிகர்களையும் மாற்றுத்திறனாளிகளையும் நான் மறக்கவில்லை. ஆயினும் ஏழையின் நோய்க்கு ஏழையின் ஆசையிலிருந்தே பொருள் திரட்டுவது தர்மமாக எனக்குத் தோன்றவில்லை. தினம் ஒரு 50 ரூபாய்ச் சீட்டை விட்டவர் மாதம் 1,500 ரூபாயைத் தபால் நிலையத்துப் பி.பி.எப். கணக்கில் போட்டுவந்தால், இன்றுள்ள 7.1 சதவீத வட்டியில் 15 வருஷத்தில் 2,70,000 ரூபாய் நாலே முக்கால் லட்சத்தை ஒட்டி வளர்ந்திருக்கும்.

மெய்யான விதியைக் காண விரும்புகிறவர் இடுக்கிக்குப் போகவேண்டும். கம்பம், போடிப் பக்கத்துப் பெண்கள் விடியலில் ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறி, ஏலச் செடியின் தூரிலிருந்து தரையோடு படரும் சரங்களுக்கு முன் குனிந்து உட்கார்ந்து, முற்றிய காயை மட்டும் விரலால் உணர்ந்து பறிக்கிறார்கள். 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு வெள்ளத்தில் அந்தச் செடிகள் அழுகின. அடுத்து வந்த கோடையில் எஞ்சியவை காய்ந்தன. காய் அருகிப்போனதால் 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய் வரையில் போயிற்று. அந்த விலையைக் கண்டு, வீட்டு நகையை அடகு வைத்துக் குத்தகைக்கு நிலம் பிடித்து நட்டவருடைய செடி சரியான மகசூலுக்கு வர மூன்று வருஷம் ஆகும். அவர் காய் எடுக்க ஆரம்பித்தபோது சராசரி விலை ஆயிரத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. மழை அவர் வசத்தில் இல்லை; உலகிலேயே அதிகமாக ஏலக்காய் விளைவிக்கும் குவாட்டமாலாவின் மகசூலும் அவர் வசத்தில் இல்லை. இவற்றை விதி என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. ஆனால் உச்ச விலையே நிரந்தரம் என்று நம்பி, ஒரு வருஷச் சாப்பாட்டுக்குக்கூட மிச்சம் வைக்காமல் அனைத்தையும் ஒரே பயிரில் இறக்கியதை அந்தக் கணக்கில் சேர்க்கலாகாது. நல்ல விலை வந்த வருஷத்தில் ஒரு பங்கை அசையாமல் ஒதுக்கிவை என்று நான் சொல்வது பேராசையின் உபதேசமன்று; இறைவன் தந்ததை அவன் தராத வருஷத்துக்கும் பங்கிடும் விநயம் அது.

இப்படிச் சொல்வதற்கும் ஓர் எல்லை உண்டு. என் தொழிலைச் செய்பவர்கள் அதைப் பலமுறை மீறிவிடுகிறோம் என்பதே என் வருத்தம். மூணாற்றின் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாகக் கொழுந்து கிள்ளிவரும் தமிழ்ப் பெண்களின் தினக்கூலி 2015இல் 232 ரூபாயாக இருந்தது. கூடையும் முதுகுவலியுமாக மாலையில் லயத்துக்குத் திரும்பி, அரிசிக்கும் பள்ளிக்கூடச் செலவுக்கும் போக ஒன்றும் மிஞ்சாதவளிடம் சிக்கனத்தைப் போதிப்பது, பட்டினி கிடப்பவனுக்கு உபவாசத்தின் மகிமையைச் சொல்வதாகும். அந்தப் பெண்கள் அதை விதி என்று ஏற்றுக்கொள்ளவில்லை. போனஸ் 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டபோது, அந்த ஆண்டு செப்டம்பரில், தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டு, பெம்பிளை ஒருமை என்ற பெயரில் மூணாற்றுச் சாலையில் தாங்களே உட்கார்ந்தார்கள். ஒன்பது நாள் உட்கார்ந்தபின் போனஸும் கருணைத்தொகையுமாக 20 சதவீதம் கிடைத்தது. 500 கேட்ட தினக்கூலி அக்டோபரில் 301 என்று முடிவாயிற்று. ஆள்வினை என்பது ஒருவர் தனித்துச் செய்யும் சேமிப்போடு முடிந்துவிடுவதில்லை என்பதை எந்த நூலும் எனக்கு இவ்வளவு தெளிவாகக் கற்பித்ததில்லை. அந்தப் பெண்களிடம் சேமிப்பைப் பற்றிப் பேச எனக்கு ஏதேனும் அதிகாரம் உண்டென்றால், அவர்கள் சாலையில் உட்கார்ந்து வாங்கிய அந்த 69 ரூபாயிலிருந்துதான் அது தொடங்குகிறது.