மறை காத்தலும் மறைத்தலும்

பிள்ளையின் பிழை பெற்றோர்க்குத் தெரிந்தே ஆகவேண்டும் என்பது நம் குடும்ப மரபு. அப்பிழையை அவன் நம்மிடம் கூறாது, பள்ளியிலுள்ள மனநல ஆலோசகரிடம் கூறுவானாயின், அவர் அதனைத் தம் நெஞ்சிலேயே வைத்துக்கொள்வது அறமாகுமா? பிழைப்பு நாடித் தலைநகர் வந்த நம் போன்றோர் சிந்திக்க வேண்டிய வினா இது.

நம் அலுவலக நண்பர் ஒருவர்க்கு நேர்ந்ததைக் கூறுவோம். பத்தாம் வகுப்பில் பயின்ற அவர் மகனின் கைக்குட்டையில் ஒரு நாள் 'தின்னர்' நெடி வீசியது. கோப்புகளில் எழுத்துப் பிழையை மறைக்க நாம் பூசிவந்த வெள்ளை மையை இளக்கும் அதே திரவந்தான். அவ்விரண்டையும் புட்டிகளில் சில்லறையாக விற்பதை மைய அரசு 2012இல் தடை செய்தது. ஆயினும் முகர்ந்து மயங்கும் பழக்கம் ஓயவில்லை. 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, இப்பழக்கமுடையோர் பெரியவர்களில் 0.58 விழுக்காடு, 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளிலோ 1.17 விழுக்காடு. பெரியவர்களைப் பிள்ளைகள் விஞ்சி நிற்கும் போதை இது ஒன்றே.

மகன் சில நாட்களுக்கு முன்பே ஆலோசகரிடம் அனைத்தையும் கூறியிருந்தான் என்று அறிந்ததும் நண்பர் கொதித்தார். "பெற்றவனுக்கு இல்லாத உரிமை அந்த அம்மாளுக்கு ஏது?" என்றார். அவருடன் பள்ளிக்குச் சென்ற நாமும் அன்று அவர் பக்கமே நின்றோம். தின்னரை ஒரே ஒரு முறை முகர்ந்தாலும் இதயத்துடிப்பு நிலைகுலைந்து உயிர் போகக்கூடும். அத்தகைய நிலையில் மௌனம் எவ்வாறு தகும்?

ஆலோசகர் சினம் கொள்ளவில்லை. "இதில் உயிராபத்து உண்டென்று அவனிடம் முதல் நாளே கூறினேன். திங்கட்கிழமைக்குள் நீயே தந்தையிடம் சொல். இயலாவிடில் இருவருமாகச் சென்று சொல்வோம் என்று தவணையும் கொடுத்தேன். அவனை அறியாமல் நான் சொல்லியிருந்தால், அடுத்த முறை எவரிடமும் சொல்லமாட்டான்" என்றார்.

அந்தத் தவணைக்குள் தீங்கு நேர்ந்திருந்தால் என்ன என்னும் கேள்வி நம்மை இன்றும் உறுத்துகிறது. எனினும் மறை காத்தல் வேறு, மறைத்தல் வேறு என்பது அன்று விளங்கிற்று. முன்னதற்கு எல்லையும் கெடுவும் உண்டு, பின்னதற்கு இல்லை. "நாலு பேர் அறிந்தால் என்னாகும்" என அஞ்சி, மருத்துவரிடமும் போகாது வீட்டுக்குள் பூட்டி வைக்கும் நாமல்லவா உண்மையில் மறைப்பவர்கள்?

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டங்கூட, அடிமைப்பட்டுத் தாமே சிகிச்சை நாடி வருவோர்க்கு வழக்கிலிருந்து விலக்குப் பெற வழி வைத்திருக்கிறது. கள்ளுண்ணாமையை 93ஆம் அதிகாரமாக வைத்த வள்ளுவர், இரண்டு அதிகாரம் கடந்ததும் மருந்தைப் பேசுகிறார். கடிந்துரைப்பதோடு கடமை முடிந்ததென அவர் கருதவில்லை.

ஊரிலெனில் பிள்ளையின் வாடிய முகம் கண்டு பாட்டியோ மாமனோ வினவியிருப்பர். இங்கோ இரண்டு அறை வீடு; தந்தை திரும்ப இரவு எட்டு மணி. பிள்ளைக்குத் துயரைச் சொல்ல வரும் சொற்கள் இந்தி. தாய் கேட்கும் மொழி தமிழ். இடையில் ஒரு செவி கிடைத்ததற்கு நாம் நன்றியன்றோ கூறவேண்டும்? 2022இல் தொடங்கிய 14416 என்னும் அரசின் மனநலத் தொலைபேசி எண்ணிலும் தமிழில் பேசலாம்.

அந்த ஞாயிறன்று மகன் தந்தையருகே அமர்ந்து தானே பேசினான். நண்பர் அடிக்கவில்லை, அது அவர்க்கு எளிதாக இருக்கவில்லை. பழக்கம் உடனே அகன்றது என்று கூறமாட்டோம். ஒரு முறை மீண்டும் தவறினான். ஆனால் அதை அன்று மாலையே தந்தையிடம் வந்து சொன்னான். ஆலோசகர் நமக்கு மீட்டுத் தந்தது அதுவே. அதனைச் சினத்தால் இழந்துவிடாது காப்பது இனிப் பெற்றோராகிய நம் கடமை.