‘ஒன்றும் செய்யாது’

“வாங்கோ, வாங்கோ, அது ஒண்டும் செய்யாது.”

நாய் நிற்கும் வீட்டுப் படலையில் நின்று இந்த வார்த்தையைக் கேட்காதவர் எம்மவரில் எவரும் இருக்கமாட்டார். ஊரில் அதைத் தமிழில் கேட்டோம். இங்கிலாந்துக்கு வந்தபின் பூங்காக்களிலும் நடைபாதைகளிலும் ஆங்கிலத்தில் கேட்கிறோம். சொல்பவர் எப்பொழுதும் நாயின் சொந்தக்காரர். கேட்பவர் எப்பொழுதும் பயந்து நிற்பவர். இந்த வார்த்தையைச் சொல்லும் உரிமை உண்மையில் யாருக்கு உண்டு என்பதே இங்கு நாம் வாசகர்களுடன் சேர்ந்து சிந்திக்க விரும்பும் கேள்வியாகும்.

கோயில் மலரில் நாயைப் பற்றிய கட்டுரையா என்று சிலர் எண்ணலாம். வைரவப் பெருமானுக்கு வாகனம் நாய் என்பதையும், யாழ்ப்பாணத்தில் ஒழுங்கைக்கு ஒழுங்கை வைரவர் கோயில் இருந்ததையும் நாம் மறந்துவிடவில்லை. வைரவருக்கு வடைமாலை சாத்திக் கும்பிட்ட அதே கையால், திரும்பி வரும் வழியில் கட்டாக்காலி நாய்க்குக் கல்லெறிந்ததையும் மறந்துவிடவில்லை. இன்று நிலைமை வேறு. எம்மவர் வீடுகள் பலவற்றில் நாய் இப்பொழுது வரவேற்பறையில் படுத்திருக்கிறது. பிள்ளைகள் கேட்டார்கள், வாங்கிக் கொடுத்தோம். ஆகவே இது அயலவரின் கேள்வி என்ற நிலை மாறி, எமது வீட்டுக் கேள்வியாகவும் ஆகிவிட்டது.

சென்ற வசந்தகாலத்தில் ஒரு சனிக்கிழமை எங்கள் அம்மாவைப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றோம். அவருக்கு எழுபது வயது கடந்துவிட்டது. நீரிழிவு இருப்பதால் நாளும் அரை மணித்தியாலம் நடக்கும்படி வைத்தியர் சொல்லியிருந்தார். நடந்துகொண்டிருக்கையில் கயிறு இல்லாத ஒரு பெரிய நாய் புல்வெளியைக் கடந்து ஓடிவந்து, முன்னங்கால்கள் இரண்டையும் தூக்கி அம்மாவின் நெஞ்சில் வைத்தது. அவர் விழவில்லை. எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, வாய் திறக்க முடியாமல் நடுங்கினார். தூரத்தில் வந்துகொண்டிருந்த சொந்தக்காரர் சிரித்தபடியே சொன்னார்: “பயப்படாதீர்கள், அவன் ஒன்றும் செய்யமாட்டான். விளையாட வருகிறான்.”

அந்த மனிதர் கெட்டவர் என்று நாம் சொல்லமாட்டோம். அவர் சொன்னது பொய் என்றும் சொல்லமாட்டோம். அந்த நாய் கடிக்கவில்லைத்தான். ஆனால் அன்றிலிருந்து அம்மா பூங்காவுக்கு வருவதில்லை. நடை நின்றுவிட்டது. நாய்க்காரருக்கு அன்று கிடைத்தது தன் நாய் சுதந்திரமாக ஓடுவதைப் பார்க்கும் மகிழ்ச்சி. அதற்கான செலவை அவர் செலுத்தவில்லை. எங்கள் அம்மா செலுத்தினார். கணக்கு எழுதிப் பிழைக்கும் எங்களுக்கு இது உடனே புரிந்தது. நாம் செலுத்தாத செலவு மறைந்துபோவதில்லை. அது வேறொருவருடைய பேரேட்டில் எழுதப்படுகிறது. அவ்வளவுதான்.

அவர் தம்முடைய நாயை அறிவார். எங்கள் அம்மாவை அறியார். ஊரில் நாய் கடித்தால் விசர்நாயாக இருக்குமோ என்ற பயம் முதலில் வரும். தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட காலத்தைக் கண்டவர் அவர். இதற்கு மேலும் ஒன்று உண்டு. யுத்த காலத்து இரவுகளில் ஒழுங்கைத் தொங்கலில் ஒரு நாய் குரைக்கும். பிறகு அடுத்த வளவு நாய், அதற்கடுத்த வளவு நாய். குரைப்பு வீட்டை நெருங்க நெருங்க, சுற்றிவளைப்புக்கு யாரோ வருகிறார்கள் என்பது தெரியும். விளக்கை அணைத்துவிட்டுப் பிள்ளைகளை அணைத்தபடி இருந்த ஒரு தாய்க்கு நாயின் சத்தம் என்பது நாயின் சத்தம் மட்டுமல்ல. இதையெல்லாம் பூங்காவில் நின்று யாருக்கு விளங்கப்படுத்துவது? விளங்கப்படுத்தவேண்டிய கடமையும் அவருக்கு இல்லை என்பதே எமது கருத்து. பயந்தவர் தமது பயத்துக்குக் காரணம் காட்டவேண்டியதில்லை; நாயைக் கொண்டுவந்தவர்தான் அதைத் தம் கைக்குள் வைத்திருக்க வேண்டும்.

இந்நாட்டுச் சட்டமும் ஏறத்தாழ இதையே சொல்கிறது. 1991 ஆம் ஆண்டின் ஆபத்தான நாய்கள் சட்டம் சில இன நாய்களைத் தடைசெய்த சட்டம் என்றே பலரும் அறிவர். ஆனால் அதில் எல்லா இன நாய்களுக்கும் பொருந்தும் ஒரு பிரிவு உண்டு. கட்டுப்பாட்டை இழந்த ஒரு நாய் தமக்குக் காயம் விளைவிக்கும் என்று ஒருவர் நியாயமாக அஞ்ச இடமிருந்தாலே அது குற்றமாகலாம். கடித்திருக்க வேண்டிய அவசியமில்லை. 2014 ஆம் ஆண்டிலிருந்து இது பொது இடங்களுக்கு மட்டுமன்றிச் சொந்த வீட்டுக்கும் வளவுக்கும் பொருந்தும். பயத்தையும் ஒரு பாதிப்பாகச் சட்டம் கணக்கில் எடுத்திருக்கிறது என்பது கவனிக்கத்தக்கது.

இத்துடன் கட்டுரையை முடித்தால் இது வெறும் முறைப்பாடாகிவிடும். பேரேட்டுக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. மறுபக்கத்தையும் எழுதுவதே நேர்மை.

எங்கள் வீட்டிலும் ஒரு நாய் உண்டு. தங்கையுடன் வசிக்கும் அம்மா வெள்ளிக்கிழமைகளில் கோயிலால் வந்து எங்கள் வீட்டில் சாப்பிட்டுப் போவது வழக்கம். நாய் வளர்ந்த பிறகு அவர் வாசலில் தயங்கி நிற்பார். நாங்கள் என்ன சொன்னோம்? “வாங்கோ அம்மா, அது ஒண்டும் செய்யாது.” சில மாதங்களில் அவர் காரை விட்டு இறங்குவதை நிறுத்திவிட்டார். “எனக்குக் கால் உளையுது தம்பி, நீ சாப்பாட்டைக் கட்டித் தா” என்பார். நாங்கள் அதை நம்பினோம்; நம்புவது வசதியாக இருந்தது. பூங்காவில் அந்த மனிதர்மீது கோபப்பட்டு வீடு திரும்பிய அன்று மாலைதான், அவர் சொன்னதும் நாங்கள் சொன்னதும் ஒரே வார்த்தை என்பது எங்களுக்கு உறைத்தது.

அது எங்கள் முதல் பிழையுமல்ல. அந்த நாயை 2020 ஆம் ஆண்டு, கொரோனா முடக்க காலத்தில், குட்டியாக வாங்கினோம். அப்பொழுது எல்லோரும் வீட்டில் இருந்தோம். நாய்க்கும் குறையில்லை, எங்களுக்கும் குறையில்லை. அடுத்த ஆண்டு அலுவலகமும் பாடசாலையும் திறந்தன. காலை எட்டரை மணிக்குக் கதவைப் பூட்டினால் மாலை ஐந்தரைக்குத்தான் திறப்போம். 2022 தை மாதத்தில் பக்கத்து வீட்டு ஆங்கிலேய மூதாட்டி ஒரு கடிதத்தைக் கதவு வழியாகப் போட்டிருந்தார். நாங்கள் போனதிலிருந்து வரும்வரை எங்கள் நாய் அழுகிறது என்றும், எங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பதால் எழுதுவதாகவும் நாலு வரியில் எழுதியிருந்தார்.

எங்களுக்கு முதலில் வந்தது கோபம். எங்களைப் பிடிக்காது, அதற்கு நாயைச் சாட்டுகிறார் என்று வீட்டுக்குள் பேசிக்கொண்டோம். குரைக்கிற நாய் கடிக்காது, குரைத்தால் என்ன நட்டம் என்றும் சொன்னோம். பிறகு ஒருநாள், அவர் சொல்வது பொய் என்று காட்டும் நோக்கத்தில், பழைய கைத்தொலைபேசி ஒன்றில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு வேலைக்குப் போனோம். இரவு கேட்டபோது அது குரைப்பாக இருக்கவில்லை. நீண்ட ஊளை. சற்று அமைதி. மீண்டும் ஊளை. பத்து நிமிடம் கேட்டுவிட்டு நிறுத்திவிட்டோம். அந்த அம்மையார் சரியான சொல்லைத்தான் எழுதியிருந்தார். மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனபோதுதான், படுக்கையில் கிடக்கும் கணவரைப் பகலெல்லாம் பராமரித்துக்கொண்டே அவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று அறிந்தோம்.

இங்கே நாம் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று உண்டு. நாய் வளர்ப்பவருக்கு இரண்டு கடமைகள் உண்டு என்பார்கள்: ஒன்று நாய்க்கு, மற்றது அயலவருக்கு. நாங்கள் அவற்றை வேறுவேறாக நினைத்திருந்தோம். நாயில் அன்பு இருக்கிறது, ஆகவே ஒரு கடமை முடிந்தது. அயலவர் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டும் என்பது எங்கள் எண்ணம். ஆனால் அயலவரை நோகச் செய்த அந்தச் சத்தமே நாயின் வேதனையாகவும் இருந்தது. ஒரே அலட்சியம் இருவரையும் பாதித்தது. பெரும்பாலும் இப்படித்தான். பழக்காமல் அவிழ்த்துவிடப்படும் நாய் பிறரைப் பயமுறுத்துகிறது. அதே நாய்தான் ஒருநாள் வாகனத்தில் அடிபடுகிறது. நடத்திச் செல்லப்படாத நாய் வேலியைப் பிராண்டிக் குரைக்கிறது. அதே நாய்தான் உடல் பருத்து நோய்ப்படுகிறது.

2006 ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், விலங்குக்கு உகந்த இடம், உணவு, இயல்பாக நடந்துகொள்ள வாய்ப்பு, தேவைக்கேற்பத் துணை அல்லது தனிமை, வலியிலிருந்தும் நோயிலிருந்தும் பாதுகாப்பு என ஐந்து தேவைகளைக் குறிப்பிட்டு, அவற்றை நிறைவேற்றுவதை வளர்ப்பவரின் பொறுப்பாக்குகிறது. உணவு அவற்றில் ஒன்று மட்டுமே என்பதை, சோறு வைத்தால் போதும் என்று வளர்ந்த நாம் கவனிக்க வேண்டும்.

எமது இதிகாச புராணங்களிலும் இந்த இரு கடமைகளும் இருக்கின்றன. பாரதத்தின் முடிவில், தன்னை நம்பி உடன் வந்த நாயைக் கைவிட்டுவிட்டுச் சுவர்க்கம் புகத் தருமர் மறுக்கிறார். திருவாரூரில் மனுநீதிச் சோழன், இளவரசனின் தேரில் அகப்பட்டுக் கன்று இறந்தபோது, கன்றுதானே குறுக்கே வந்தது என்று சொல்லவில்லை. தருமர் கதை எம்மை நம்பிய உயிருக்கு நாம் பட்ட கடனைச் சொல்கிறது. சோழன் கதை எம்முடையது பிறருக்குச் செய்த தீங்குக்கு நாமே பொறுப்பு என்பதைச் சொல்கிறது. ஒரு கதையை மட்டும் படித்தவர் பாதி படித்தவர்.

தருமர் கதையை எங்களால் இலகுவாகச் சொல்ல முடிவதில்லை. 1995 ஐப்பசி 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஓரிரவில் பெயர்ந்தபோது எங்களுக்குப் பதினாறு வயது. வீட்டில் ஒரு நாய் நின்றது. அப்பா அதன் சங்கிலியைக் கழற்றிவிட்டு, பானையில் இருந்த சோற்றை முழுவதும் முற்றத்தில் கொட்டினார். ஒழுங்கை முடியும்வரை அது பின்னால் வந்தது. சனக்கூட்டத்தில் பிறகு காணவில்லை. 1996 இல் திரும்பிப் போனபோதும் அது இல்லை. அன்று எங்களுக்கு வேறு வழியிருக்கவில்லை. வழியில்லாதபோது கைவிட்டது துயரம். வழியிருந்தும், காலை எட்டரைக்குப் பூட்டிவிட்டுப் போனதற்கு என்ன பெயர்? அந்தக் கேள்விதான் எங்களை எழுதவைத்தது.

நாங்கள் செய்தது பெரிய காரியமல்ல. மத்தியானம் வந்து நாயை ஒரு மணித்தியாலம் நடத்திச் செல்ல ஒருவரை ஒழுங்கு செய்தோம். வாரம் 60 பவுண் ஆகிறது. ஆரம்பத்தில் இதைப் புதிய செலவு என்று நினைத்தோம். உண்மையில் அது முதல் நாளிலிருந்தே இருந்த செலவு. அதுவரை அதை ஒரு மூதாட்டியும் ஒரு நாயும் செலுத்திக்கொண்டிருந்தார்கள்.

நாய் வாங்க எண்ணியிருக்கும் அன்பர்களுக்குச் சில வார்த்தைகள். பெரும்பாலான நாய்களை வைத்திருக்க இன்று இங்கிலாந்தில் அனுமதிப்பத்திரம் தேவையில்லை. தகுதி உண்டா என்று எவரும் கேட்கமாட்டார்கள். அதனால் நாமே கேட்கவேண்டியிருக்கிறது. பகலில் வீட்டில் யார் இருப்பார்? மழையில் யார் கொண்டுபோவார்? பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, கேட்ட பிள்ளை பல்கலைக்கழகம் போனபின், யார் பார்ப்பார்? மைக்ரோசிப் 2016 ஆம் ஆண்டிலிருந்து இங்கு கட்டாயம். வெளியே போகும்போது கழுத்துப்பட்டியில் சொந்தக்காரரின் பெயரும் விலாசமும் இருக்கவேண்டும். பிறருக்கு உரியது என்ன என்று கேட்டால், கயிறும் பையும் என்று சுருக்கமாகச் சொல்லலாம். நாய் மலத்தை மழை கழுவிவிடும் என்பது தவறான எண்ணம். அதிலுள்ள வட்டப்புழுவின் முட்டைகள் மண்ணில் சில வாரங்கள் கிடந்த பின்னரே தொற்றும் நிலையை அடைகின்றன. அதன்பின் நெடுங்காலம் உயிருடன் இருக்கின்றன. அரிதாக என்றாலும், மண்ணில் விளையாடும் குழந்தையின் கண்பார்வையைக்கூட அவை பாதிக்கலாம். பையில் கட்டி மரக்கிளையில் தொங்கவிடுவோர் அள்ளாமல் விடுவோரிலும் மேலானவர் அல்லர்.

நாய் வளர்க்காதவர்களுக்கும் ஒரு வார்த்தை. கல்லெறிந்த பழக்கத்தை விட்டோம். நாயைக் கண்டவுடன் கூச்சலிட்டு ஓடும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குப் பழக்காதிருப்போம். தொட விரும்பும் பிள்ளை முதலில் சொந்தக்காரரைக் கேட்கட்டும். நாய் குற்றம் செய்வதில்லை. குற்றம் அதன் கயிற்றின் மறுமுனையில் இருப்பவருடையது.

இப்பொழுது வெள்ளிக்கிழமைகளில் அழைப்பு மணி அடிக்குமுன்னரே நாயைக் குசினிக்குள் விட்டுக் குறுக்குத் தட்டியைப் பூட்டிவிடுகிறோம். அம்மா உள்ளே வந்து இருந்து சாப்பிடுகிறார். அவர் நாயைத் தடவியதில்லை. தடவவேண்டும் என்று நாங்கள் எதிர்பார்ப்பதுமில்லை. சென்ற வாரம் தட்டிக்கு அப்பால் படுத்திருந்த அதைப் பார்த்துவிட்டு, “அது பாவம், ஒண்டும் செய்யாது போலை. சாப்பிட்டதோ தம்பி?” என்று கேட்டார்.

அந்த வார்த்தையைச் சொல்லும் உரிமை அவருக்குத்தான் உண்டு. அவர் சொல்லும்வரை காத்திருப்பதே நாய் வளர்ப்பவரின் அறம் என்று நாம் கருதுகிறோம். வாசகர்களும் சிந்திப்பார்களாக.