இனம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?



சில நாட்களுக்கு முன் அஸர் தொழுகைக்குப் பின் கடையில் அமர்ந்திருந்தேன். பக்கத்துக் கடைச் சகோதரர் வந்து, "காக்கா, மகள் வக்கீலுக்குப் படிக்க ஆசைப்படுகிறாள். பிறப்புப் பத்திரத்தில் 'இந்தியர்' என்றிருக்கிறது. நாமும் முஸ்லிம்கள்தானே? 'மலாய்க்காரர்' என்று மாற்ற மனுப் போட்டால் இடம் கிடைக்க வசதியாம். செய்யலாமா?" என்று கேட்டார். என்னால் உடனே பதில் சொல்ல இயலவில்லை. ஆகையால்தான் இதை எழுதத் துணிந்தேன்.

நம் நாட்டு அரசமைப்பின் 153-ஆவது ஷரத்தில் 1971-ஆம் வருஷம் ஓர் உட்பிரிவு சேர்க்கப்பட்டது. உயர்கல்விக் கூடங்களில் இடம் குறைந்து, தகுதியுள்ளோர் மிகுந்திருந்தால், மலாய்க்காரருக்கும் சபா, சரவாக் சுதேசிகளுக்கும் ஒரு பங்கை ஒதுக்கலாம் என்பது அது. மலாய்க்காரர் யார் என்பதை 160-ஆவது ஷரத்து சொல்லுகிறது: இஸ்லாத்தைக் கடைப்பிடிப்பவர், வழக்கமாக மலாய் மொழி பேசுபவர், மலாய் வழக்கங்களை அனுசரிப்பவர், அத்துடன் மெர்டேக்கா காலத்தில் இந்நாட்டோடோ சிங்கப்பூரோடோ பிறப்பாலோ குடியிருப்பாலோ தொடர்புள்ளவர், அல்லது அவர் வழிவந்தவர். இரத்தத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சகோதரரின் ஆசைக்கு இதுவே காரணம்.

தனிப்பங்கு என்பது நம்மவருக்குப் புதிதன்று. சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி உத்தரவு இருந்த காலத்தில், வைத்தியம், பொறியியல் கல்லூரிகளில் 14 இடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பின்தங்கிய இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, கிறிஸ்தவருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பிரித்திருந்தார்கள். செண்பகம் துரைராஜன் என்ற அம்மையார் வழக்குத் தொடுக்க, 1951-ஏப்ரலில் டில்லி சுப்ரீம் கோர்ட் அவ்வுத்தரவைச் செல்லாதென்றது. (அந்த அம்மையார் கல்லூரிக்கு மனுவே போடவில்லை என்பது வேடிக்கை!) தமிழ்நாட்டில் கிளர்ச்சி எழுந்தது. அதே வருஷம் ஜூனில் அரசியல் சட்டத்தையே திருத்தி, பின்தங்கியோருக்குச் சலுகை தரலாம் என்று எழுதினார்கள். மதத்தின் பேரால் கிடைத்த அந்தப் பதினான்கில் ஒன்று போயிற்று. பிற்பாடு 2007-இல் பிற்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவிகிதம் வந்தபோது, அது பின்தங்கிய நிலையின் பேரால் வந்தது. அதே சமயம் கிறிஸ்தவர்களுக்கும் தனியே 3.5 கொடுத்தார்கள். அவர்களோ, பொதுப் பங்கில் கிடைத்ததைவிட இது குறைவாயிருக்கிறது என்று மறு வருஷமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள்!

இன்னொரு கதையும் உண்டு. அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தில் ஹீமன் ஸ்வெட் என்ற கறுப்பர், தபால்காரர், 1946-இல் சட்டக் கல்லூரிக்கு மனுப் போட்டார். தோல் நிறத்துக்காக மறுத்தார்கள். வழக்கு வந்ததும், கறுப்பருக்கென்றே தனிச் சட்டக் கல்லூரி ஒன்றை அவசரமாகத் திறந்தார்கள். வெள்ளையர் கல்லூரியில் மாணவர் 850, புத்தகம் 65,000. புதியதில் மாணவர் 23, புத்தகம் 16,500. 1950-இல் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட் ஏகமனதாக அவரைச் சேர்க்கச் சொல்லிற்று. புத்தக எண்ணிக்கை மட்டும் காரணமன்று. நாளை நீதிபதியாகவும் வக்கீலாகவும் வரப்போகிறவர்களோடு கலவாமல் சட்டம் கற்க இயலாது. கல்லூரியின் பெயரும் பழைய மாணவர் செல்வாக்கும் எண்ணி அளக்க முடியாதவை என்றார்கள். இது நமக்கு எளிதில் விளங்கும். சரக்கு ஒன்றேயானாலும், ஐம்பது வருஷக் கடையின் பெயர் நேற்றுத் திறந்த கடைக்கு வருமா?

ஆகவே தனிப்பங்கு வேறு, தனி அறை வேறு. ஒரே கல்லூரிக்குள் பின்தங்கியவனுக்குக் கதவு திறந்து வைப்பதை நான் பிச்சையென்று கருதவில்லை. வேறு அறையில் உட்கார வைப்பதையே அவமானமென்கிறேன். மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சட்டத்துறை இருக்கிறது. ஆனால் அது பூமிபுத்திராக்களுக்கே உரியது. அங்கே கற்கும் பிள்ளைகளும் பிற இனத்தாரோடு ஒரே வகுப்பில் வாதாடிப் பழகாமல் வெளிவருவது அவர்களுக்கும் நஷ்டமென்றே எனக்குப் படுகிறது. அதைச் சொல்ல எனக்கு என்ன உரிமை என்று கேட்பாருமுண்டு.

இப்போது சகோதரரின் கேள்வி. வீட்டில் மலாய் பேசி, மலாய் வழக்கப்படி வாழ்ந்து, பேரப்பிள்ளைகளுக்குத் தமிழே தெரியாமற்போன குடும்பங்கள் நம்மில் உண்டு. அவர்கள் மலாய்க்காரரென்று எழுதினால் பொய்யில்லை, அதில் இழிவுமில்லை. ஆனால் கல்லாவில் மட்டும் மலாய், வீட்டில் தமிழ், ஊரில் இன்னும் வாப்பாவின் வீடு, கல்யாணத்துக்குத் தமிழில் அழைப்பு என்றிருக்கும் நாம், ஓரிடத்துக்காகப் பத்திரத்தை மட்டும் மாற்றினால் அது எத்தகைய நிறுவை? அந்தப் பங்கு, இதே பாகான் டத்தோவில் நான்கு ஏக்கர் தென்னையை நம்பி வாழும் கம்போங் பிள்ளைக்கென்று வைத்தது. அந்தப் பிள்ளையின் தகப்பன் நம் கடையில் கடனுக்கு அரிசி வாங்குகிறார்.

மறுபக்கம், தென்னந்தோட்டத்தில் வேலை செய்த தமிழரின் மகளுக்கு இந்தக் கதவும் இல்லை. அவள் மொழியும் நம் மொழியே. மார்க்கம் வேறாயிருப்பதால் அவளுக்குத் திறவாத கதவில் நாம் நழுவிப் போவதை, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

சகோதரரிடம் இவ்வளவையும் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசாமலிருந்து, "காக்கா, உங்கள் பிள்ளைகள் படித்து முடித்துவிட்டார்கள், உங்களுக்குச் சொல்வது சுலபம்" என்றார். அது உண்மை. மகளையே கேட்டுப் பாருங்கள் என்றேன். கேட்டாராம். பத்திரத்தில் உள்ளபடியே மனுப் போடப்போகிறாள், இடம் கிடைக்காவிட்டால் தனியார் கல்லூரிக்குக் கட்டணம் யார் கட்டுவது என்று திருப்பிக் கேட்டாளாம். அந்தக் கேள்வியை நம் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் வைக்கிறேன்.