புத்தகத்தை மூடு!

பரீட்சை நெருங்கினால் மருந்துக் கடையில் வல்லாரை மாத்திரை தேடுகிற அப்பாக்களைப் பார்க்கலாம். அம்மாக்கள் ராத்திரியே பாதாம் ஊறவைத்து, காலையில் தோலுரித்துக் கொடுப்பார்கள். கொடுக்கட்டும், உடம்புக்கு நல்லதுதான். ஆனால், இரண்டு பேருக்கும் கேள்வி ஒன்றுதான். 'எப்படிப் படிச்சா சார் மனசுல நிக்கும்?'

இதற்கு ஓரளவு தெளிவான பதிலே இருக்கிறது. தெரிந்தாலும் நமக்குப் பிடிக்காது, அதுதான் சிக்கல்.

ஹெர்மன் எப்பிங்ஹாஸ் என்று ஒரு ஜெர்மன்காரர். அர்த்தமே இல்லாத அசைகளை வரிசை வரிசையாக நெட்டுருப் போட்டு, எத்தனை நாளில் எவ்வளவு மறக்கிறது என்று தன் மீதே சோதித்துப் பார்த்தவர் (வேறு யார் சம்மதித்திருப்பார்கள்?). 1885-ல் அதைப் புத்தகமாகவும் போட்டார். ஒரு நாள் கழிந்தால், போட்ட உழைப்பில் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம் என்றது அவர் கணக்கு. ஒரே மூச்சில் உருப்போடுவதைவிட, நாள் விட்டு நாள் படித்தால் கூடுதலாக நிற்கிறது என்பதையும் அவரே கண்டுபிடித்துவிட்டார். நூற்றிநாற்பது வருஷம் ஆச்சு. நாம் இன்னமும் பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரிதான் டீ போட்டுக்கொண்டு உட்காருகிறோம்.

அதைவிட சுவாரஸ்யமானது, 2008-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு. செய்தவர்கள் கார்ப்பிக்கி, ரோடிகர் என்கிற இரண்டு அமெரிக்க உளவியல் பேராசிரியர்கள். கல்லூரி மாணவர்களுக்கு 40 ஸ்வாஹிலி வார்த்தைகளை அர்த்தத்தோடு கொடுத்தார்கள். ஒரு வார்த்தையைச் சரியாகச் சொன்ன பிறகு, ஒரு கோஷ்டி அதைத் திரும்பத் திரும்பப் படிக்கலாம். ஆனால், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். இன்னொரு கோஷ்டிக்கு நேர்மாறு. சரியாகச் சொன்னதை மறுபடி படிக்கக் கிடையாது, கேள்வி மட்டும் வந்துகொண்டே இருக்கும். அன்றைக்கு எல்லோருக்கும் எல்லா வார்த்தையும் பாடம். ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டுக் கேட்டால், கேள்வி கேட்கப்பட்டவர்கள் நூற்றுக்கு எண்பது சொன்னார்கள். படித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு மூன்றில் ஒரு பங்குதான் தேறியது.

என்னை யோசிக்க வைத்தது இந்த மார்க் அல்ல. 'ஒரு வாரம் கழித்து எவ்வளவு ஞாபகம் இருக்கும்?' என்று முதலிலேயே கேட்டபோது, இரண்டு கோஷ்டியும் ஏறத்தாழ ஒரே பதிலைத்தான் சொன்னது. பாதி இருக்கும் என்று! எந்த வழி தனக்கு உதவுகிறது என்பதே படிக்கிறவனுக்குத் தெரியவில்லை.

நான் பி.காம்.காரன். ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டால் கணக்கு சரி என்று நம்பாதே என்பதை முதல் வருஷமே சொல்லிவிடுவார்கள். ஒரு வவுச்சரை எழுதவே விட்டுப்போயிருந்தாலும் டெபிட்டும் கிரெடிட்டும் அழகாக டேலி ஆகும். நாலாவது தடவை படிக்கிறபோது பாடமும் அப்படித்தான் டேலி ஆகிறது. எல்லா வரியும் பார்த்த முகமாக இருக்கிறது. 'தெரியும், தெரியும்' என்று மனசு தலையாட்டுகிறது. தெருவில் தினம் பார்க்கிற ஆளின் பெயர் நமக்குத் தெரியுமா என்ன?

மற்ற வித்தைகளும் உண்டு. கிரேக்கக் கவிஞர் சிமோனிடிஸ் பெயரால் வழங்குகிற 'ஞாபக மாளிகை' ரொம்பப் பிரசித்தம். தெரிந்த வீட்டின் ஒவ்வொரு மூலையிலும் ஒரு சமாசாரத்தை மனசால் வைத்துவிட்டு, நடந்துபோய் எடுத்துக்கொள்வது. ஞாபகப் போட்டியில் சீட்டுக்கட்டை வரிசை மாறாமல் ஒப்பிப்பவர்கள் செய்வது இதைத்தான். வரிசைக்கு அது ராஜா. சிப்பாய்க் கலகம் ஏன் வந்தது என்று எழுத அது போதாது. 2013-ல் டன்லோஸ்கியும் நாலு சகாக்களும் பத்து விதமான படிப்பு முறைகளை எடை போட்டார்கள். மேலே வந்தவை இரண்டு: தன்னைத்தானே கேட்டுக்கொள்வது, இடைவெளி விட்டுப் படிப்பது. மஞ்சள் பேனாவால் கோடு போடுவதும், திரும்பத் திரும்ப வாசிப்பதும் கடைசி வரிசை. பாவம், ஸ்டேஷனரிக் கடைக்காரர்!

நம் ஊருக்கு இது புதுசும் இல்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பும்போது, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூவின் பெயர், ஒரு பறவையின் பெயர் என்று சொல்லியனுப்பி, மறுநாள் காலையில் திருப்பிக் கேட்பார்களாம். உ.வே.சா. 'என் சரித்திர'த்தில் எழுதியிருக்கிறார். ராத்திரி இடைவெளி, காலையில் கேள்வி. ஆய்வுக்கூடம் இல்லாமலே பிடித்திருக்கிறார்கள்.

ஆனால், அதே திண்ணையில் பிரம்பும் இருந்தது, கோதண்டமும் இருந்தது. கெட்டுப்போனது அங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மறதி ஒரு குற்றம், கேள்வி என்பது விசாரணை, தப்பான பதில் வாக்குமூலம் என்று நாமே ஆக்கிவிட்டோம். பிரம்பு போனாலும் பார்வை போகவில்லை. 'நேத்துதானே படிச்சே?' என்கிற ஒரு வரி போதும்.

யோசித்துப் பாருங்கள். புத்தகத்தை மூடிவிட்டுத் தன்னைக் கேட்டுக்கொள்கிற பையன் பாதி இடத்தில் முழிப்பான். அப்படி முழித்துத் தேடுவதுதான் வேலை செய்கிற மருந்து. நாம் அந்த முழியைத்தான் திட்டுகிறோம். அவன் என்ன செய்வான்? புத்தகத்தைத் திறந்தே வைத்திருப்பான். திறந்திருக்கிற வரை வீட்டில் அமைதி. பயம் இல்லாவிட்டால் பிள்ளைகள் படிக்காது என்பவர்களுக்குச் சொல்கிறேன்: பயம் உட்கார வைக்கும், வாஸ்தவம். மறந்ததை மறைக்கவும் வைக்கும்.

எங்கள் தெரு முனையில் இஸ்திரி போடுகிற அம்மா மூணாம் வகுப்பு வரைதான். மகள் பிளஸ் டூ. சாயங்காலம் வண்டிக்குப் பக்கத்தில் நின்று, உயிரியல் பாடத்தைக் கதை மாதிரி அம்மாவிடம் சொல்வாள். அந்த அம்மாவுக்கு இரைப்பையும் தெரியாது, நொதியும் தெரியாது; சரியா தப்பா என்று சொல்ல வழியே இல்லை. பெட்டியைத் தேய்த்தபடி 'அப்புறம்?' என்பார். இன்னும் கொஞ்சம் போகும். மறுபடி 'அப்புறம்?' ஓர் இடத்தில் அந்தப் பெண் நின்றுவிடும்.

'சரி, போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு. எங்கே போயிடப் போறேன்?' என்று அடுத்த சட்டையை எடுத்து உதறுவார்.