தீனியும் தீனும்



நம்மில் பலர் இறைச்சியால் பிழைப்பவர்கள். ஒருவர் கோழி மொத்த வியாபாரம் செய்கிறார்; ஒருவர் மார்க்கெட்டில் ஆட்டிறைச்சி விற்கிறார்; ஒருவர் நாசி கண்டார் கடை நடத்துகிறார். வாடிக்கைக்காரர் கேட்கும் முதற்கேள்வி, "ஹலாலா, பாய்?" என்பதே. "பிஸ்மி சொல்லி அறுத்ததுதான்" என்கிறோம். அத்துடன் நம் பொறுப்புத் தீர்ந்துவிட்டதா?

தீரவில்லை. திருக்குர்ஆன் ஹலாலுடன் 'தய்யிப்' என்ற சொல்லையும் சேர்த்து உரைக்கிறது. தய்யிப் என்றால் தூயது, நல்லது. கத்தி கழுத்தில் படுவது ஒரு கணம். அதற்கு முன் அப்பிராணி தீனி தின்று வளர்ந்ததோ வாரங்கள், மாதங்கள். ஆகவே தீனியைப் பற்றிப் பேசுவதும் தீனைப் பற்றிப் பேசுவதேயாகும்.

இது புதிய விஷயமுமன்று. அசுத்தத்தைத் தின்று திரியும் பிராணியை 'ஜல்லாலா' என்பர். அதன் மாமிசத்தையும் பாலையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அதைக் கட்டிவைத்து, நல்ல தீனி கொடுத்துச் சுத்தமான பின்னரே உண்ணலாமென்று இமாம்கள் விளக்கினர். இப்னு உமர் (ரலி) அவர்கள் அத்தகைய கோழியை மூன்று நாள் அடைத்துவைப்பார்கள் என்று அறிவிக்கப்பட்டுள்ளது.

இனி நம் காலத்துத் தீனியைப் பாருங்கள். 1954-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மாட்டுத் தீவனத்தில் ஸ்டில்பெஸ்ட்ரால் என்னும் செயற்கை ஹார்மோனைக் கலக்க அனுமதித்தனர். மாடு குறைந்த தீனியில் விரைந்து கொழுத்தது, பண்ணைக்காரர் மகிழ்ந்தார். அதற்கு முன்பே அதை மாத்திரையாக்கிக் கோழியின் கழுத்துத் தோலுக்கடியில் புதைத்து வந்தனர். கோழிக்கு அது 1959-இல் நிறுத்தப்பட்டது. 1971-இல் வைத்தியர்கள் ஒன்றைக் கண்டனர்: கர்ப்ப காலத்தில் இதே மருந்தை வைத்தியத்துக்காக உட்கொண்ட தாய்மார்களின் பெண்மக்களுக்கு அரியவகைப் புற்றுநோய் வந்திருந்தது. அது மருந்தாக உண்டதன் விளைவு. இறைச்சி தின்றதன் விளைவன்று. ஆயினும் எச்சரிக்கை எச்சரிக்கைதானே! அதன்பின்பும் 1979-இல்தான் கால்நடைகளுக்கு அதை அடியோடு தடுத்தனர். லாபம் உடனே வந்தது. அறிவு கால் நூற்றாண்டு கழித்து வந்தது.

இன்னொன்று, நோய்க்கிருமிகளைக் கொல்லும் மருந்து. அதைச் சிறிதளவு தீனியில் கலந்தால் கோழியும் மாடும் விரைந்து வளர்வதாகக் கண்டு, நோயில்லாத பிராணிக்கும் நாள்தோறும் கொடுத்தனர். சிறிதளவு மருந்தில் சாகாமல் தப்பும் கிருமி, மருந்துக்கு அடங்காத கிருமியாகிறது. பின்னர் அது மனிதனைத் தாக்கும்போது வைத்தியர் கைபிசைந்து நிற்கிறார். ஐரோப்பிய நாடுகள் வளர்ச்சிக்காக இம்மருந்துகளைக் கலப்பதை 2006-இல் நிறுத்தின. ஆஸ்பத்திரியில் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கொலிஸ்டின் என்ற மருந்தைக் கால்நடைத் தீவனத்தில் சேர்ப்பதை மலேசியா 2019-இல் தடுத்தது.

அப்படியானால் மருந்தெல்லாம் ஆகாதா? அப்படிச் சொல்வது அறியாமை. நோயுற்ற பிராணிக்கு மருந்து கொடுப்பது இரக்கம். செம்மறியாடுகள் ஒரே காலத்தில் சினைப்பட, ஹார்மோன் ஊறிய சிறு பஞ்சைப் பன்னிரண்டு, பதினான்கு நாள் உள்ளே வைத்து எடுக்கும் முறையும் உண்டு. இவற்றுக்கெல்லாம் ஒரு நிபந்தனை இருக்கிறது. கடைசியாக மருந்து கொடுத்த நாளுக்கும் அறுக்கும் நாளுக்கும் இடையே இத்தனை நாள் விடவேண்டுமென்று மருந்துச் சீட்டிலேயே கண்டிருக்கும். சிலவற்றுக்குச் சில நாள்; சிலவற்றுக்குப் பல வாரம். அந்நாட்களில் உடம்பிலுள்ள மருந்து கழிந்துவிடும்.

ஜல்லாலாவுக்குக் காத்திருந்த அந்த மூன்று நாள் நினைவுக்கு வருகிறதல்லவா? இரண்டும் ஒரே சட்டம் என்று நான் கூறவில்லை. சட்டத் தீர்ப்பு உலமாக்களுக்குரியது. ஆனால் இரண்டிலும் உள்ள பாடம் ஒன்றே: காத்திரு, சுத்தமானதைக் கொடு.

சகோதரர்களே, சோதனை இங்கேதான் வருகிறது. பண்ணையில் நோய் கண்டது. நேற்றுவரை மருந்து கொடுத்தார்கள். இன்று சரக்கை மலிவாகத் தள்ளிவிடுகிறார்கள். பெருநாள் நெருங்குகிறது, கிராக்கி ஏறுகிறது. வாங்குகிற நாம் அறிவோம், தின்கிறவர் அறியார். முத்திரை சுவரில் தொங்கும். ஆனால் அந்த மலிவுக்கு யார் விலை கொடுப்பது?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனத்துச் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்தார்கள், உள்ளே ஈரம். அதை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கண்டித்து, ஏமாற்றுபவன் நம்மைச் சார்ந்தவனல்லன் என்று எச்சரித்தார்கள். மடி பெருத்துத் தெரிவதற்காகப் பால் கறக்காமல் கட்டிவைத்து ஆட்டையும் ஒட்டகத்தையும் விற்பதையும் தடுத்து, வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை அளித்தார்கள். காலந்தப்பி அறுத்த பிராணியும் ஈரத்தை உள்ளே மறைத்த குவியல்தான்!

மற்றொரு பாவத்தையும் சொல்லியாகவேண்டும். "பண்ணைக்கோழிக்கெல்லாம் ஹார்மோன் ஊசி" என்று வாய்க்கு வந்தபடி பேசுகிறோம். அது மெய்யன்று. அக்கோழி ஆறு வாரத்துக்குள் இரண்டு கிலோ எடை வருவது, பல தலைமுறையாகப் பொறுக்கியெடுத்த இனத்தாலும் தீனியாலுமே. தன் சரக்கின் குறையை மறைப்பதும் பொய். பிறர் சரக்கில் இல்லாத குறையைச் சொல்வதும் பொய்.

ஆகவே மூன்று காரியங்களை இன்றே தொடங்குவோம். சரக்கு அனுப்புகிறவரிடம், என்ன மருந்து, கடைசியாக எந்த நாள் என்று எழுத்தில் கேட்போம். நாள் நிறையாத சரக்கை, எவ்வளவு மலிவாயினும் திருப்பி அனுப்புவோம். வாடிக்கைக்காரர் கேட்டால் தெரிந்ததைச் சொல்லி, தெரியாததைத் தெரியாதென்போம்.

லாபம் சிறிது குறையலாம், பரக்கத் குறையாது. நம் கல்லாப்பெட்டியையும் கல்பையும் அல்லாஹ் தூய்மையாக வைப்பானாக! ஆமீன்.